தேடாமல் கிடைத்த கட்டி

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை, கீமோ, கதிர்சிகிச்சை எல்லாம் முடித்த ஒருவருக்கு வேறு எதற்காகவோ ஸ்கேன் எடுக்கிறார்கள். நுரையீரலில் ஒன்றும் இல்லை, கல்லீரலில் ஒன்றும் இல்லை, எலும்பிலும் இல்லை. அறிக்கையின் அடியில் மட்டும் ஒரு வரி: தைராய்டின் வலது மடலில் 9 மில்லிமீட்டர் முடிச்சு, தேவையெனில் மேற்கொண்டு பார்க்கவும். அதை யாரும் தேடவில்லை. அவருக்கும் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லை. இந்த ஒற்றை வரியை என்ன செய்வது?

கேள்வி புதிதல்ல. கழுத்துக் கட்டியை வெட்டுவதா, குத்திப் பார்ப்பதா, விட்டுவிடுவதா என்ற வழக்கு நூறாண்டுக்கும் மேலாக நடக்கிறது. ஏற்கெனவே ஒரு புற்றுநோயைக் கடந்தவரின் கழுத்து என்று வரும்போது அது இரண்டாகக் கிளைக்கிறது. கட்டியை என்ன செய்வது என்பது ஒன்று. அது அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நாளைக் கடத்துவது எப்படி என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு மருத்துவ இதழ்களில் பதில்கள் மலையாகக் குவிந்திருக்கின்றன. இரண்டாவதற்கான பதில்களை உளவியலாளர்களும் செவிலியர் ஆய்வாளர்களும் தனியே எழுதி வந்திருக்கிறார்கள். இரு தரப்பும் ஒன்றையொன்று படித்ததற்கான தடயம் குறைவு.

எத்தனை பேர் கழுத்தில் இருக்கிறது?

எந்த முறையில் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தே எண்ணிக்கை அமைகிறது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் மக்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த ஆய்வில், விரலால் தடவி உணரத்தக்க தைராய்டு முடிச்சு நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேருக்கு இருந்தது. மேயோ கிளினிக்கில் 1955இல் வெளியான பிரேதப் பரிசோதனை ஆய்வோ வேறொரு படத்தைக் காட்டியது. உயிரோடு இருந்தபோது தைராய்டு இயல்பாக இருப்பதாகக் கருதப்பட்டவர்களில் பாதிப்பேரின் சுரப்பியில் முடிச்சுகள் கிடந்தன. அல்ட்ராசவுண்ட் வந்த பிறகு உயிரோடு இருப்பவர்களிடமும் அதே அளவை எட்ட முடிந்தது. வெவ்வேறு ஆய்வுகளில் 19 முதல் 68 சதவீதம் வரை கணக்கு வருகிறது. வயது ஏற ஏறக் கூடுகிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த நடுவயதுப் பெண்கள் இந்தக் கணக்கின் உச்சப் பகுதியில் நிற்கிறார்கள். அவர்களைப் படமெடுத்தால் முடிச்சு தென்படாமல் இருப்பதுதான் சற்று ஆச்சரியம்.

முடிச்சு இருப்பது ஒன்று, அதில் புற்றுநோய் இருப்பது வேறொன்று என்று இங்கே ஆறுதல் சொல்வது வழக்கம். அது சரிதான், ஆனால் பாதிதான். 1985இல் பின்லாந்தில் 101 உடல்களின் தைராய்டை மெல்லிய வில்லைகளாகச் சீவிப் பார்த்தபோது 35.6 சதவீதத்தில் பாப்பில்லரி வகைப் புற்றுநோய்த் திசு கிடைத்தது. பெரும்பாலானவை மிக நுண்ணியவை. அந்த மனிதர்கள் வேறு காரணங்களால் இறந்தவர்கள். இப்படியொரு புற்றைத் தங்கள் நாட்டில் இயல்பான ஒன்றாகவே கொள்ளலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். புற்றுநோய் என்ற சொல் ஒரே மாதிரியான ஒரு பொருளைக் குறிக்கிறது என்ற நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது.

வெட்டியவர்களும் ஊசி பிடித்தவர்களும்

தைராய்டு அறுவையை உயிராபத்து குறைந்ததாக மாற்றிய சுவிஸ் மருத்துவர் தியோடர் கோக்கர் 1909இல் நோபல் பரிசு பெற்றார். சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டால் நோயாளி மந்தமாகி வீங்கிப் போகிறார் என்பதை 1883இலேயே எழுதி, தம் அறுவையின் விளைவைத் தாமே ஒப்புக்கொண்டவரும் அவர்தான். ஆனாலும் அறுவை பாதுகாப்பானதும் கை துறுதுறுத்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, கழுத்தில் தனிக்கட்டி என்றால் புற்றாக இருக்கக்கூடும், ஆகவே எடுத்துவிடு என்பது வலுவான நிலைப்பாடு.

அதை எதிர்த்தவர்களில் கிளீவ்லாந்து கிளினிக்கின் ஜார்ஜ் கிரைல் ஜூனியரை இங்கே தனித்துச் சொல்ல வேண்டும். தைராய்டு முடிச்சுகளை மொத்தமாக அறுத்துத் தள்ளுவது வீண் என்று வாதாடிய அதே மனிதர்தான் 1950களில், மார்பகத்தோடு நெஞ்சுத் தசையையும் அகற்றும் பேரறுவையையும் எதிர்த்தார். சக அறுவை மருத்துவர்களிடம் நல்ல பெயர் கிடைக்கவில்லை. மார்பகத்தைப் பொறுத்தவரை அவர் சொன்ன திசையில்தான் பின்னாளில் சிகிச்சை நகர்ந்தது. நம் கேள்வியின் இரண்டு உறுப்புகளும் ஒரே மனிதரின் வாதத்தில் சந்தித்திருக்கின்றன என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. பயத்தின் அளவுக்கு ஏற்ப வெட்டின் அளவும் பெருகியது என்பதே இரண்டிலும் அவர் வைத்த குற்றச்சாட்டு.

வெட்டாமலே அறிய வழி செய்தது மெல்லிய ஊசி. சுவீடனில் 1950களில் வளர்ந்த இந்த முறை 1980களுக்குள் பரவலாகி, நம் ஊரில் எஃப்.என்.ஏ.சி. என்ற பெயரில் நிலைத்துவிட்டது. ஊசி முடிவுகளை ஆளுக்கொரு மொழியில் எழுதி வந்த குழப்பத்தைத் தீர்க்க 2007இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் கூடிப் பேசி, ஆறு வகைப்பாடுகளை வகுத்தார்கள். ஊசியின் பலவீனம் அந்த ஆறின் நடுவே இருக்கிறது. மூன்றாம், நான்காம் வகைகள் ‘உறுதியாகச் சொல்ல முடியாது’ என்பதற்கான பெயர்கள். தெளிவு வேண்டிப் போனவர் புதிய தெளிவின்மையோடு திரும்புகிறார். மரபணுச் சோதனைகள் அந்த இடைவெளியை ஓரளவு குறைக்கின்றன. விலைதான் எல்லோருக்கும் எட்டுவதாக இல்லை.

சியோலும் கோபேயும்

முன்கூட்டிக் கண்டால் காப்பாற்றலாம் என்ற நிலைப்பாட்டுக்கு இதுவரை கிடைத்த மிகப் பெரிய சோதனை தென்கொரியாவில், திட்டமிடாமலே நடந்தது. 1999இல் அந்நாட்டு அரசு புற்றுநோய்களை முன்கூட்டிக் கண்டறியும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பட்டியலில் மார்பகம் உண்டு, தைராய்டு இல்லை. ஆனால் சிறிய கூடுதல் கட்டணத்துக்குக் கழுத்தையும் அல்ட்ராசவுண்டில் பார்த்துத் தர மருத்துவமனைகள் முன்வந்தன. 2011இல் தைராய்டு புற்றுநோய் விகிதம் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்காகிவிட்டது. அந்த ஓராண்டில் மட்டும் 40,000 பேருக்கு மேல் நோய் அறியப்பட்டது. இறப்பு விகிதமோ அசையவில்லை. அறுவை செய்துகொண்டவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்குப் பாராதைராய்டு குறைபாடும், 2 சதவீதம் பேருக்குக் குரல்நாண் வாதமும் வந்ததாகக் காப்பீட்டுக் கணக்குகள் காட்டின. 2014இல் கொரிய மருத்துவர்களில் ஒரு குழு பகிரங்கமாக எதிர்ப்புத் தெரிவித்தது. அதையடுத்து அறுவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. 2017இல் அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு, அறிகுறி இல்லாத பெரியவர்களிடம் தைராய்டு புற்றைத் தேட வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

ஜப்பானின் கோபேயில் குமா மருத்துவமனை எதிர்முனையில் இருந்து தொடங்கியது. ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட பாப்பில்லரி புற்று என்று ஊசியில் உறுதியான பிறகும், அறுக்காமல் கண்காணிக்கலாம் என்று அகிரா மியாவுச்சி 1993இல் முன்மொழிந்தார். 1,235 பேரைப் பின்தொடர்ந்து 2014இல் வெளியிட்ட முடிவின்படி, பத்தாண்டுகளில் 8 சதவீதத்தில் கட்டி 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தது, 3.8 சதவீதத்தில் நிணநீர்க் கணுவில் புற்று புதிதாகத் தென்பட்டது. அந்தப் புற்றால் யாரும் இறக்கவில்லை. புற்று என்று தெரிந்ததே இப்படி என்றால், புற்று இல்லை என்று தெரிந்த முடிச்சுகள் இன்னும் சாது. இத்தாலியில் 992 பேரின் சாதாரண முடிச்சுகளை ஐந்தாண்டு கவனித்ததில், தொடக்கத்தில் இருந்த முடிச்சுகளில் 0.3 சதவீதத்தில் மட்டுமே பின்னர் புற்று உறுதியானது.

காத்திருப்போர் தரப்பு இன்று மேலோங்கியிருப்பதில் வியப்பில்லை. அதன் வரம்பையும் சொல்ல வேண்டும். கோபேயில் மூச்சுக்குழாயையோ குரல் நரம்பையோ ஒட்டிய கட்டிகளை ஆரம்பத்திலேயே விலக்கிவிட்டார்கள். தேர்ந்த கைகள், ஒரே கூரையின் கீழ் பல ஆண்டுக் கண்காணிப்பு, சொன்ன நாளில் திரும்பி வரும் நோயாளிகள் என்று மூன்றும் அங்கே அமைந்தன. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அதே முடிவு கிடைக்குமா என்பதை மற்ற இடங்கள் தாமே காட்டியாக வேண்டும்.

மார்பகத்துக்கும் கழுத்துக்கும் என்ன உறவு?

சிகிச்சை முடித்தவர்கள் கேட்கும் கேள்வி இதைவிடக் குறுகலானது. இது எனக்கு வந்ததன் தொடர்ச்சியா?

இரண்டு உறுப்புகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் பழையது. கிளாஸ்கோவின் ஜார்ஜ் பீட்சன் 1896இல் வெளியிட்ட, முற்றிய மார்பகப் புற்றுக்குச் சினைப்பையை அகற்றிப் பார்த்த புகழ்பெற்ற பரிசோதனையில், தைராய்டுச் சாற்றையும் சேர்த்தே கொடுத்தார். சினைப்பை வழி ஹார்மோன் சிகிச்சையாக வளர்ந்தது, சாறு மறக்கப்பட்டது. தைராய்டுக்குள் அயோடினை இழுக்கும் புரதத்தின் மரபணு 1996இல் அடையாளம் காணப்பட்டு, அதே புரதம் பால் சுரக்கும் மார்பகத்திலும் பல மார்பகப் புற்றுகளிலும் இருப்பது தெரிந்தபோது பழைய எண்ணத்துக்கு உயிர் வந்தது.

பல ஆய்வுகளைத் திரட்டி 2016இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் தைராய்டு புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று கணக்கிட்டது. பயமுறுத்தும் எண்தான். ஆனால் அடித்தளம் சிறியது. உதாரணத்துக்கு, ஆயிரத்தில் பத்துப் பேருக்கு வரக்கூடியது பதினைந்து பேருக்கு வருவதைத்தான் ஒன்றரை மடங்கு என்கிறோம். மேலும் இவர்கள் மற்றவர்களைவிட அடிக்கடி ஸ்கேனுக்குள் போகிறவர்கள். அதிகம் பார்ப்பதால் அதிகம் அகப்படுவது எவ்வளவு, உண்மையிலேயே அதிகம் வருவது எவ்வளவு என்று பிரித்தெடுக்க எந்த ஆய்வாலும் முழுமையாக முடியவில்லை.

மெய்யான உறவு இருக்கும் சில இடங்கள் உண்டு. பி.டென் என்ற மரபணுக் கோளாற்றால் வரும் கௌடன் நோய்க்குறியில் மார்பகம், தைராய்டு இரண்டிலும் புற்று அபாயம் கூடுதல். குடும்பத்தில் இவை இரண்டும் சேர்ந்து வந்திருந்தால் மரபணு ஆலோசனை கேட்பதற்கு நியாயம் இருக்கிறது. ‘கரண்ட் வைத்ததால்’, அதாவது கதிர்சிகிச்சையால், வந்ததா என்ற கேள்விக்குப் பதில் சற்று நிதானமானது. கதிர்வீச்சு தைராய்டு புற்றை உண்டாக்கும் என்பது குழந்தைப் பருவத்தில் ஐயமற நிரூபணமானது, செர்னோபிலுக்குப் பிறகு குறிப்பாக. நடுவயதில் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. காறையெலும்புக்கு மேலே கதிர் தரப்பட்டவர்களிடம் அதிகம் காணப்படுவது தைராய்டு சுரப்புக் குறைவு. அதற்கு ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் போதும். மாமோகிராமில் சிதறித் தைராய்டை எட்டும் கதிரோ கணக்கில் கொள்ளத் தகாத அளவுக்குச் சொற்பம்.

மார்பகப் புற்றே தைராய்டுக்குப் பரவியிருக்குமா? நடப்பதுண்டு, அரிதாக. வேறெங்கும் பரவல் இல்லாதவரின் கழுத்தில் இருக்கும் சிறு முடிச்சுக்கு அது கடைசியாக யோசிக்க வேண்டிய காரணங்களில் ஒன்று.

பெட் ஸ்கேன் மட்டும் தனிக்கதை. அதில் தைராய்டின் ஓரிடம் மட்டும் ஒளிர்வது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். ஆனால் அப்படி ஒளிர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று புற்றாக இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. சுரப்பி முழுவதும் ஒரே சீராக ஒளிர்ந்தால் அது பெரும்பாலும் தைராய்டு அழற்சி. நோயெதிர்ப்பு மருந்து பெற்ற, ‘ட்ரிபிள் நெகட்டிவ்’ எனப்படும் மும்மறை வகை மார்பகப் புற்று நோயாளிகளிடம் இது எதிர்பார்க்கத்தக்கதே.

பார்க்காமலே இருந்திருக்கலாமோ

1994இல் இத்தாலியில் இருந்து இரண்டு பெரிய ஆய்வுகள் ஒரே நேரத்தில் வெளியாயின. மார்பகப் புற்று சிகிச்சை முடித்து அறிகுறி இல்லாமல் இருக்கும் பெண்களுக்கு அடிக்கடி படமெடுத்துக் கண்காணித்தால் ஆயுள் கூடுகிறதா என்று பார்த்தார்கள். கூடவில்லை. அதன்பின் வழிகாட்டு நெறிகள் மாமோகிராமையும் மருத்துவரின் நேரடிப் பரிசோதனையையும் தவிர வழக்கமான ஸ்கேன்களை ஊக்குவிப்பதில்லை. தேடாமல் கிடைக்கும் கட்டிகளைக் குறைக்க ஆகச் சிறந்த வழி இதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த ஆய்வுகள் இன்றைய ஸ்கேன்களும் இன்றைய மருந்துகளும் வருவதற்கு முந்தியவை என்ற மறுப்பும் நியாயமானது. அதைத் தீர்க்கும் புதிய சான்று இன்னும் திரளவில்லை. எப்படியானாலும், அறிக்கையைக் கையில் வைத்திருப்பவரிடம் ‘எடுத்திருக்கவே கூடாது’ என்பது உதவி ஆகாது.

அவருக்கு உதவக்கூடியவை அளவுகோல்கள். அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2015இல் சொன்னதன்படி, சி.டி. ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும் முடிச்சு, 35 வயதைக் கடந்தவருக்கு ஒன்றரை சென்டிமீட்டரை எட்டாமலும் சந்தேகக் குறிகள் இல்லாமலும் இருந்தால் மேல்பரிசோதனை தேவைப்படாது. அல்ட்ராசவுண்டில் பார்த்தபின் 2017இன் டைரேட்ஸ் முறை புள்ளியிட்டுப் பிரிக்கிறது: மிகுந்த சந்தேகம் என்றால் 1 செ.மீ., நடுத்தரம் என்றால் 1.5, லேசானது என்றால் 2.5 எட்டினால் ஊசி. பெட் ஸ்கேனில் ஓரிடம் ஒளிர்ந்தது இந்த விலக்குகளுக்குள் வராது; அதை அல்ட்ராசவுண்டில் பார்த்தாக வேண்டும். மார்பகப் புற்றே முற்றிய நிலையில் இருப்பவருக்கு இந்தத் தேடல் முழுவதையும் கைவிடலாம் என்பதும் அதே நெறிகளில் இருக்கிறது. சொல்வதற்குக் கடினமான பரிந்துரை, அவசியமானதும்கூட.

அறுவை பக்கம் சாய்வோர் கணக்கில் எடுக்கத் தவறுவது ஒன்று உண்டு. மார்பகப் புற்றுக்கு லெட்ரோசோல் போன்ற மாத்திரை எடுப்பவரின் எலும்பு அதனாலேயே தேய்கிறது. தைராய்டை எடுத்துவிட்டு ஹார்மோன் மாத்திரையை அதிக அளவில் கொடுத்தால் தேய்மானம் இரண்டு வழிகளில் நடக்கும். இவர்களுக்கு அறுவையின் விலை மற்றவர்களுக்கு இருப்பதைவிட அதிகமாக இருக்கக்கூடும்.

தெரிந்துகொண்டு வாழ்வது

மன அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றி லாசரஸும் ஃபோக்மனும் 1984இல் எழுதிய நூல், சிக்கலையே தீர்க்க முனைவது, சிக்கல் எழுப்பும் உணர்ச்சியைக் கையாள்வது என்று இரண்டு பாதைகளைக் காட்டியது. தைராய்டு முடிச்சு இந்தப் பிரிவினைக்குள் சரியாக அடங்குவதில்லை. தீர்க்க வேண்டிய சிக்கல் இருக்கிறதா என்பதே அங்கே தெரியாது. அதைவிடப் பொருத்தமானது செவிலியர் ஆய்வாளர் மெர்ல் மிஷெல் 1988இல் முன்வைத்த நிச்சயமின்மைக் கோட்பாடு. நோயில் வதைப்பது வலி மட்டுமல்ல, நடப்பதற்குப் பொருள் கொள்ள முடியாமையும்தான் என்றார் அவர். பின்னர் அவரே அதைத் திருத்தி, நிச்சயமின்மையை நீக்கிவிட முடியாத நிலைகளில் அதோடு வாழப் பழகுவதும் ஒரு வளர்ச்சியே என்றார். புற்றுநோய் மீண்டும் வருமோ என்ற அச்சத்துக்கு ஆஸ்திரேலியாவில் வடிவமைத்த உளவியல் சிகிச்சை, 2017இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் அச்சத்தைக் குறைத்தது. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் மார்பகப் புற்று கண்டவர்கள். அது அபாயத்தின் அளவைப் பற்றி அவர்களோடு வாதாடவில்லை. கவனம் எப்போதும் உடலையே வேவு பார்க்கும் பழக்கத்தைத் தளர்த்தியது.

அந்த வேறுபாடு முக்கியம் என்று நினைக்கிறேன். அபாயத்தை எடுத்துச் சொல்லும் மருத்துவ மரபு, அச்சத்தை அறியாமையின் விளைவாகக் கருதி எண்களால் மருந்திடப் பார்க்கிறது. பெரும்பாலான தைராய்டு முடிச்சுகள் தீங்கற்றவை என்பது உண்மை. மார்பகக் கட்டிகளிலும் பெரும்பாலானவை தீங்கற்றவைதான். அந்த வாக்கியத்தை ஒருமுறை கேட்டு, சிறுபான்மையில் போய் விழுந்தவர் இவர். அதே வாக்கியம் அவர் காதில் ஆறுதலாக ஒலிக்காததற்குக் காரணம் கணக்குத் தெரியாமை அல்ல.

பெயருக்கும் பங்கு உண்டு. ஒரே கட்டியைப் புற்றுநோய் என்றும், புற்று என்ற சொல் இல்லாமலும் வர்ணித்துக் கேட்ட 2018ஆம் ஆண்டு ஆய்வில், புற்றுநோய் என்ற பெயரைக் கேட்டபோதே அதிகம் பேர் அறுவையை நாடினார்கள். தமிழில் நிலைமை இன்னும் நெருக்கடி. முகத்தில் வரும் சீழ்க்கட்டியும் கட்டி, கொழுப்புக்கட்டியும் கட்டி, புற்றும் கட்டி. மார்பில் கட்டி என்று தொடங்கிய ஓராண்டுப் போராட்டத்தை முடித்தவரிடம் கழுத்தில் கட்டி என்றால் அவர் வேறென்ன நினைப்பார்? முடிச்சு, கணு போன்ற சொற்களை மருத்துவமனைப் பேச்சில் கொண்டுவருவது செலவில்லாத சீர்திருத்தம்; அது பலன் தருமா என்று அளந்து பார்க்கத்தான் வேண்டும்.

ஆய்வுகள் மறைமுகமாகச் சுட்டும் சில நடைமுறைகளும் உண்டு. அடுத்த ஸ்கேன் எப்போது, எவ்வளவு வளர்ந்தால் என்ன செய்வோம் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்வது, எல்லையற்ற காத்திருப்புக்கு ஒரு வேலி போடுகிறது. பழைய படங்களைத் தேடி எடுப்பது இன்னொன்று. நோய் கண்டபோது எடுத்த சி.டி.யிலோ கதிர்சிகிச்சைக்குத் திட்டமிட எடுத்த படத்திலோ அதே முடிச்சு அதே அளவில் அப்போதே இருந்திருக்கலாம். அறிக்கையில் மட்டும் ஏறாமல் போயிருக்கலாம். மாறாமல் இருப்பது மட்டுமே தீங்கின்மைக்கு நிரூபணம் ஆகாதுதான், தைராய்டு புற்று மெதுவாக வளர்வது என்பதால். ஆனாலும் ‘புதிதாக வந்தது’ என்ற எண்ணம் விலகுகிறது. கண்காணிப்பில் இருக்கும் ஜப்பானிய நோயாளிகளைக் கேட்ட ஆய்வில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் கவலை இருப்பதாகச் சொன்னார்கள். தொடக்கத்தைவிடக் கவலை குறைந்திருக்கிறது என்று சொன்னவர்கள் அதைவிட அதிகம்.

இன்னும் தீராதவை

இங்கே எடுத்துக்காட்டிய அளவுகோல்கள் பொதுமக்களுக்காக வகுக்கப்பட்டவை. மார்பகப் புற்றைக் கடந்தவருக்கு அவற்றை அப்படியே வைப்பதா, சற்று இறக்குவதா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. ஒன்றரை மடங்கு என்ற கணக்கு மட்டும் இறக்குவதற்குப் போதிய காரணமாகத் தெரியவில்லை. மரபணுக் காரணம் உள்ளவர்கள் விலக்கு. கண்காணிப்பை எந்த ஆண்டில் நிறுத்தலாம் என்பதற்கும் உறுதியான பதில் இல்லை. திருவனந்தபுரம், கொல்லம் புற்றுநோய்ப் பதிவேடுகளில் பெண்களின் தைராய்டு புற்று விகிதம் நாட்டின் பெரும்பாலான பதிவேடுகளைவிட உயர்ந்திருக்கிறது. கொரியாவில் நடந்ததே அங்கும் நடக்கிறதா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் எழுப்பியிருக்கிறார்கள். முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகள் விற்பனையாகும் தமிழக நகரங்களுக்கும் அந்தக் கேள்வி தூரத்தில் இல்லை.

உளவியல் பக்கத்திலும் இடைவெளி இருக்கிறது. மீள்வருகை அச்சத்துக்கான சிகிச்சைகள் பழைய நோய் திரும்புவதை மனத்தில் வைத்து அமைந்தவை. இன்னொரு உறுப்பில், நோயென்றும் சொல்ல முடியாத, நோயில்லை என்றும் சொல்ல முடியாத ஒன்று தென்படும்போது அவை எந்த அளவு பொருந்தும் என்பது தனியே சோதிக்கப்பட வேண்டியது. இதோடு பின்னியது, அளவுகோலுக்குக் கீழ்ப்பட்ட முடிச்சை அறிக்கையின் முடிவுரையில் எழுதத்தான் வேண்டுமா என்ற கேள்வி. எழுதாவிட்டால் மறைத்ததாகிறது. எழுதினால், மருத்துவரைப் பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்பே கைப்பேசியில் அறிக்கையைத் திறக்கும் பெண் அந்த வரியோடு தனியாக இரண்டு இரவுகளைக் கழிக்கிறார். அளவுகோலுக்குக் கீழே, மேல்பரிசோதனை வேண்டாம் என்று அதே வரியில் சேர்த்து எழுதுவது நடுவழியாக முன்வைக்கப்படுகிறது. ‘தேவையெனில்’ என்ற சொல் அந்த இடத்தைப் பிடித்திருக்கும் வரை, தேவையா இல்லையா என்று முடிவுசெய்யும் வேலை அவர் தலையிலேயே விழுகிறது.